டேகல் வரைக்கும்

முப்பது வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நாளுக்கு ஒரு பக்கம்: எழுந்த நேரம், செய்த அறுவை, பார்த்த ஆட்கள், படுத்த நேரம். அபிப்பிராயம் எழுதுவதில்லை. சமீபத்தில் பழைய பக்கங்களைப் புரட்டியபோது ஒரு திங்கட்கிழமையின் பக்கத்தில் நான்கு ரயில் நிலையங்களின் பெயர்களும் எதிரே நேரமும் மட்டும் இருந்தன. ஊரிகம், கோரமண்டல், பங்காருபேட்டை, டேகல். அதற்குக் கீழே பக்கம் காலி. அந்தக் காலியிடத்தில் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நான் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் குடல் அறுவை செய்பவன். பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய்க் கட்டிகளை வெட்டி எடுப்பது என் வேலை. வெட்டி எடுத்த பிறகு அந்த மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. மலக்குடலில் கட்டி மிகவும் கீழே இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கீழே மூடிவிட்டு, வயிற்றில் ஒரு வாய் வைத்து, ஆயுள் முழுக்க மலம் சேரும் பை மாட்டிக்கொள்வது. இன்னொன்று, கட்டியை எடுத்துவிட்டு மிச்சக் குடலைக் கீழே இழுத்துத் தைப்பது. இரண்டாவது கடினமானது. அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அப்படித் தைத்தவர்களிடம் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்குவேன். நாளுக்கு எத்தனை முறை போகிறீர்கள், அடக்க முடிகிறதா, வெளியூர் போகிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா. பதில்களுக்கு எதிரே டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஆராய்ச்சியில் பெரிய தொல்லை, ஆட்கள் காணாமல் போவது. போன் நம்பர் மாறிவிடும். வீடு மாறிவிடும். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே கோடு போட வேண்டியதுதான். ஆனால் கோலார் தங்க வயலிலிருந்து வந்த பதினொரு பேரின் தாள்கள் மட்டும் ஒன்றுகூடத் தவறியதில்லை. பதில்களும் மிக நன்றாக இருக்கும். அது நான் பிறந்த ஊர். மருத்துவர்களின் கூட்டம் ஒன்றில் இந்த முடிவுகளைப் படித்தபோது, அந்த ஊர்க்காரர்கள் மட்டும் ஏன் இவ்வளவு நன்றாகத் தேறுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். 'சுரங்க வேலைக்குப் பழகிய குடும்பங்கள், உடம்பு அப்படி' என்று சொன்னேன். அரங்கில் சிரித்தார்கள். அன்றைய பக்கத்தில் இந்தப் பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன்.

தாள்களைக் கொண்டுவருபவர் ஒருவர்தான். ஊரிகத்தில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன், என்னைவிட ஆறு வயது மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப்பேர் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய் இரவு திரும்புகிறவர்கள். போகாத மீதிப் பேரின் காரியங்களைப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். இந்த அண்ணனின் துணிப்பையில் எப்போதும் நாலைந்து வீட்டு மாத்திரைச் சீட்டு, யாருடையதோ ஸ்கேன் கவர், யாருடையதோ மூக்குக் கண்ணாடி இருக்கும். என் நோயாளிகளின் கார்டுகளையும் அவர்தான் கொண்டுவந்து, மாத்திரை வாங்கி, கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்.

கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முந்தின வாரம் எல்லாத் தாள்களையும் மறுபடி எடுத்துச் சரிபார்த்தேன். அது என் வழக்கம். அப்போதுதான் கண்ணில் பட்டது. பதினொரு பேரின் தாள்களிலும் டிக்கின் வால் ஒரே மாதிரி வலதுபக்கம் நீண்டு, நுனியில் சிறிதாக வளைந்திருந்தது. எல்லாம் ஒரே நீல மை. எல்லாவற்றிலும் எழுத்து ஒரே மாதிரி நடுங்கியிருந்தது.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது வெளிநோயாளி வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, இந்தத் தாளையெல்லாம் யார் எழுதறது?"

"ஏன் டாக்டர் தம்பி, தப்பா கீதா?"

"தப்பில்ல. ஒரே கை மாதிரி கீது."

"நான்தான். ஊரிகத்துல ஏறினா சீட்டு கெடைக்கும். பங்காருபேட்ட வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். அப்பறம் கூட்டம் ஏறிடும், எழுத முடியாது."

"அவங்களக் கேட்டுத்தானே போடறீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதெல்லாம் எப்டி தம்பி கேக்கறது? பொம்பளைங்களும் கீறாங்க இல்ல? 'ஒரு நாளைக்கி எத்தினி வாட்டி போறே'ன்னு அடுத்த வூட்டு அம்மாவ நான் கேட்டா செருப்பு எடுத்துக்காது?"

"அப்ப எதை வெச்சி போட்டீங்க?"

"எல்லாருந்தான் சொல்லிட்டாங்களே. இது நம்ம பிள்ளயோட பரீட்ச, நல்லதாவே போட்டுடு, நம்மளால பெயிலாயிடக் கூடாதுன்னு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன், பாஸாவலியா?" என்றார்.

நான் மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் லைனில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. லைன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். சுவர் மேலே கூரை வரை போகாது, நாலு வீடு தள்ளி இருமினாலும் கேட்கும். என் பரீட்சை நாட்களில் யாரும் ரேடியோ வைக்க மாட்டார்கள். குழாயடிச் சண்டையை மைதானத்துக்குப் போய்ப் போடுவார்கள். அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் எல்லா ரேடியோக்களும் ஒரே நேரத்தில் அலறியபோது நானாகத் தெரிந்துகொண்டேன். அதே ஆட்கள்தான். முப்பது வருடம் கழித்து அதையேதான் திரும்பவும் செய்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு காலித் தாள்களோடு ஊருக்குப் போனேன். முதலில் போனது என் பெஞ்சுக்காரன் வீட்டுக்கு. பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதால் அப்படித்தான் கூப்பிடுவேன். ஒயிட்ஃபீல்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டியவன். மூன்று வருடத்துக்கு முன் மலக்குடலில் கட்டி. அறுவைக்கு முன்னால் அவன் கேட்டது ஒன்றுதான். "பை மட்டும் வேணாம்டா. ட்ரெயின்ல எப்டி இடிப்பானுங்கன்னு உனக்குத் தெரியும். எவன் முழங்கையாவது பட்டு அது பிச்சிக்கிச்சின்னா நான் எங்க மூஞ்ச வெச்சிக்கறது?" கட்டி கீழே இருந்தது. கரண்ட் வைத்து அதைச் சுருக்கினோம். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு எடுத்துத் தைத்தேன். தையல் ஆறும் வரை சில மாதம் ஒரு தற்காலிகப் பை, அதையும் மூடினேன். நான் செய்த தையல்களில் அது மிக நல்ல ஒன்று. கசிவில்லை, காய்ச்சல் இல்லை, கட்டி திரும்பவும் வரவில்லை. அவன் தாளில் எல்லாக் கேள்விக்கும் முதல் பதில், எல்லாவற்றிலும் நீண்ட வால் டிக்.

வாசலில் அவன் நின்றிருந்தான். இளைத்திருந்தான்.

"வாடா டாக்டரே. நான் செத்தாத்தான் நீ வருவேன்னு நெனச்சேன், முன்னாடியே வந்துட்ட."

"எப்டிடா இருக்க?"

"சூப்பர்."

உள்ளே அவன் மனைவி டீ வைத்துக்கொண்டிருந்தார். "இவரு சொல்ல மாட்டாரு அண்ணே. நான் சொல்றேன்" என்றார்.

"ஏய், சும்னே இரு."

"சும்னே இருந்துதான் ரெண்டு வருசம் ஓடிச்சி." அவர் டீயை என் முன் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "காலைல ஆரம்பிச்சா பத்து மணி வரைக்கும் ஓயாது அண்ணே. போய்ட்டு வந்து உக்காரும்போதே மறுபடி. அடக்கவே முடியாது. ஒரு நாளைக்கி பதினஞ்சுக்குக் கொறையாது. லைன் கக்கூஸ் அந்தக் கடைசில கீது. அது வரைக்கும் போறதுக்குள்ள ஆயிடும். போனாலும் அங்க ஆள் நிக்கும். அதான் இங்கயே..." அறையின் மூலையில் ஒரு பழைய புடவை திரையாகக் கட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் பார்க்காமலிருக்க முயன்றேன்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம் ரயிலிலேயே ஆகிவிட்டது. ஒயிட்ஃபீல்டில் இறங்கி, அடுத்த வண்டியில் திரும்பி வந்தவன், பிறகு லைனைத் தாண்டவே இல்லை. மச்சினி கல்யாணத்துக்கும் போகவில்லை.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"இன்னாத்தடா சொல்ல? பை வேணாம்னு உன் கால்ல வுழாத கொறையா கேட்டது நானு. நீ கஷ்டப்பட்டு செஞ்சி குடுத்த. அது நல்லா இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

அறுவைக்கு முன் அவனை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். காகிதத்தில் குடலை வரைந்து, எங்கே வெட்டுவேன், எங்கே தைப்பேன் என்று காட்டியிருக்கிறேன். அந்தக் காகிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. உன் வீட்டிலிருந்து கக்கூஸ் எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தூரத்தை இருபது வருடம் நான் நடந்திருக்கிறேன். என் கேள்வித்தாளிலும் அப்படி ஒரு கேள்வி இல்லை. வெளிநாட்டில் யாரோ தயாரித்த தாளை நான்தான் வார்த்தை பிசகாமல் தமிழில் எழுதினேன்.

கிளம்பும்போது அவன் விஷயத்துக்கு வந்தான். ஒர்க்‌ஷாப் ஓனர் போன் செய்திருக்கிறார். புது மெஷின் வந்திருக்கிறது, வருகிற மாதம் முதல் தேதி வந்தால் வேலை அவனுக்கு, இல்லையென்றால் வேறு ஆள்.

"அம்பத்திமூணு வயசுல இனிமே என்ன எவன் கூப்புடுவான்? இந்த ஒண்ணுதான்டா. எதாவது பண்ணு."

பையைப் பற்றிச் சொன்னேன். கீழே மூடிவிட்டுப் பை வைத்தால் இந்த அவஸ்தை இருக்காது. ஆனால் கரண்ட் வைத்த இடம், திரும்ப வெட்டினால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும்.

"மொதல் தேதிக்குள்ள ஆறுமா?"

"ஆறாது."

"அப்ப வேற சொல்லு."

வேறு இருந்ததையெல்லாம் சொன்னேன். குடலின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை, சாப்பாட்டில் மாற்றம், தசைக்குப் பயிற்சி. காலையில் தண்ணீர் ஏற்றிக் குடலைக் கழுவும் ஒரு முறையும் உண்டு. அதற்குக் கழிவறையில் அரை மணிக்கு மேல் உட்கார வேண்டும். லைன் கக்கூஸில் அரை மணி உட்கார்ந்தால் கதவை உடைத்துவிடுவார்கள். திரைக்குப் பின்னாலேயே செய்தான். தினமும் இரவு எட்டு மணிக்கு போன் செய்து எத்தனை முறை என்று கேட்டு நாட்குறிப்பில் எழுதினேன். பதினைந்து. பதினான்கு. பதினொன்று. பன்னிரண்டு. ஒன்பது. ஒன்பது. எட்டு. அபிப்பிராயம் எழுதுவதில்லை என்றேன். அந்த எட்டுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

முதல் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு முறை ரயிலில் போய்ப் பார்க்கலாம் என்றேன். ஞாயிறு போகலாமா என்றதற்கு, "காலி வண்டில போய் யாருக்கு ப்ரூப் பண்றது? திங்கக்கெழம வா" என்றான். என் அறுவைகளைத் தள்ளிவைத்துவிட்டு முந்தின நாளே ஊருக்குப் போய் அக்கா வீட்டில் படுத்தேன்.

ஊரிகம், 6.24. அவன் முந்தின மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. சலவை செய்த சட்டை, பேண்ட். எலக்ட்ரீஷியன் அண்ணனும் வழக்கம்போல் வந்திருந்தார். கழிவறைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இடம் பிடித்துக்கொடுத்தார். அப்படியும் நாலு வரிசை தள்ளித்தான் கிடைத்தது. எதிர் சீட்டில் அவனுடைய பழைய ரம்மி கோஷ்டி.

"இன்னா மச்சான், ரெண்டு வருசமா ஆளக் காணோம்? ஓனரு பொண்ணக் கட்டிக்கினியா?"

"கட்டிக்கினேன். சம்பந்தி வூட்டுக்குத்தான் போய்க்கினு கீறேன்."

"இவரு யாரு, மாப்ள தோழனா?"

"டாக்டரு. என் வவுத்த அறுத்தவரு."

"அறுத்தவரு எதுக்கு கூட வர்றாரு? கத்திரிய உள்ள வெச்சி தெச்சிட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் பலமாகச் சிரித்தான். சீட்டைப் பிரித்து அவனுக்கும் போட்டார்கள். கோரமண்டல், 6.31. முதல் ஆட்டம் அவன் ஜெயித்தான். பங்காருபேட்டை, 6.52. அங்கே கூட்டம் ஏறியது; நடைபாதை அடைத்துக்கொண்டது, கழிவறை வாசல் வரை ஆட்கள், பைகள், டிபன் கேரியர்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அவன் கை ஓங்கிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: பங்காருபேட்டையை இருபத்தெட்டு நிமிடத்தில் தாண்டியாயிற்று, ஒயிட்ஃபீல்டுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். என் மணிக்கட்டைப் பிடித்தான்.

அண்ணன் எழுந்து, "வழி வுடுங்கப்பா, டாக்டரு கீறாரு, வழி வுடுங்க" என்று கத்தினார். டாக்டர் என்றதும் ஒதுங்கினார்கள். ஒதுங்குவதற்கு இடம் இருந்த மட்டும் ஒதுங்கினார்கள். நான் முன்னால் போய்க் கழிவறைக் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து ஒரு பெண் குரல், "இருங்க, குழந்த கீது" என்றது. எதிர்ப்பக்கக் கழிவறைக் கதவை மறைத்து மூட்டைகள். நான் அந்த மூட்டைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது வண்டி வேகம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் இறங்கிக்கொண்டிருந்தான்.

டேகல், 7.14.

பிளாட்பாரத்தின் கடைசியில் கம்பி வேலி, அதற்கு அந்தப் பக்கம் தைல மரத் தோப்பு. அங்கே போனோம். அண்ணன் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பிறகு துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு லுங்கியும் துண்டும் எடுத்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இவரு வூட்டம்மாதான் குடுத்தனுப்பிச்சாங்க" என்றார். "வேணாமாதான் இருக்கும், இருந்தாலும் வெச்சிக்கோங்கன்னு."

நான் உதவப் போனேன். அவன் வயிற்றுக்குள் அவனே பார்க்காத இடமெல்லாம் நான் பார்த்தவன். இடுப்பெலும்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போயிருக்கிறது.

"நீ திரும்பிக்கடா" என்றான்.

திரும்பிக்கொண்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலித் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரே பாட்டில்தான். சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

திரும்பிப் போகிற வண்டிக்காக பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டான். கன்னடத்தில் பேசினான். "ஆகல்ல சார். இல்ல சார், நான் சென்னாகே இதீனி. மனேல சொல்ப கெலச." முடியாது சார், நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வீட்டில் கொஞ்சம் வேலை. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இரண்டு முறை "பரவால்ல சார்" என்றான். வைத்துவிட்டான்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அந்தத் தாள் வெச்சிக்கினு கீறியா?" என்றான்.

பையில் இருந்தது. கொடுத்தேன். மடியில் வைத்து ஒவ்வொரு கேள்வியாக உதடசைத்துப் படித்து அவனே டிக் போட்டான். அவன் டிக் குட்டையாக, அழுத்தமாக இருந்தது. சில இடத்தில் காகிதம் கிழிந்தது. வேலைக்குப் போகிறீர்களா என்பதற்கு வந்ததும் நின்று, தண்டவாளத்தைப் பார்த்து, 'இல்லை'யில் போட்டான்.

"இப்ப பெயிலா நீ?"

அண்ணன் குறுக்கிட்டார். "ஒரு பேப்பரு போனா இன்னா? மீதி பத்து கீதே."

மீதி பத்துப் பேர் வீட்டுக்கும் அந்த மாதத்தில் போனேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. கட்டுரையை அனுப்பவில்லை. கூட்டத்தில் சொன்னதைத் திரும்பப் பெற வழியில்லை. ஏற்பாடு செய்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அந்தப் பெஞ்சில் அவனிடமிருந்து தாளை வாங்கி மடித்தேன். பையைப் பற்றி மறுபடி பேச வாயெடுத்தேன். "இன்னிக்கி வேணாம்" என்றான்.

திரும்பிய வண்டியில் ஆளே இல்லை. கழிவறைக் கதவு தாழில்லாமல் வண்டியின் ஆட்டத்துக்குத் திறந்து திறந்து அடித்துக்கொண்டிருந்தது. அவன் அதற்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தான்.

"பாருடா," என்றான், "ராஜா மாதிரி வரவேற்கறான்."

வழி முழுக்க ஒரு முறைகூட அவன் எழவில்லை. ஊரிகத்தில் இறங்கி நடந்தோம். லைன் முனையில் அவன் மனைவி நின்றிருந்தார். எங்களைத் தூரத்தில் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்தார். பிறகு அவன் இடுப்பில் லுங்கியைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய் அடுப்பில் வெந்நீர் வைத்தார்.